கிழிந்தால் நான் தைத்துத் தருகிறேன்

வடசென்னை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகத் தலையில் சுமக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் 40 வருடமாகப் புத்தக பைண்டிங் செய்கிறவன் நான். உங்களில் சிலருக்கு என் கடை தெரிந்திருக்கும். வருகைப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பழைய வினாத்தாள் கட்டு என்று எதையாவது உங்கள் அலுவலக உதவியாளர் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து போட்டிருப்பார். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, மேலிடத்திலிருந்து ஆய்வு வரப்போகிறது என்று தெரிந்தால், நூலகப் புத்தகங்களும் வரும். கோணிப்பையில் வரும். அந்தக் கோணிப்பைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு புத்தகத்தை யாராவது படித்தார்களா இல்லையா என்று பைண்டருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் எடுத்தாலே தெரியும். படித்த புத்தகத்தின் முதுகில் நெடுக்காக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பக்கம் புரட்டும் மூலை கறுத்திருக்கும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் தையல் தளர்ந்து தாள்கள் வெளியே எட்டிப் பார்க்கும். நடுவில் ஒரு பஸ் டிக்கெட், ஒரு முடி, மிக்சரில் இருந்து விழுந்த ஒரு கறிவேப்பிலை. ஒருமுறை மீன் செதில்கூட இருந்தது. அப்படிப்பட்ட புத்தகத்தைப் பிரித்துத் தைப்பது எனக்குக் கொண்டாட்டம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கோணிப்பையில் அந்த மாதிரிப் புத்தகம் அபூர்வம். விரித்தால் முதுகு 'சடக்' என்று உடையும், ஏனென்றால் அதுதான் அதை முதன்முதலாக விரிப்பது. நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். முதுகுப் பசையை ராமபாணப் பூச்சி அரித்திருக்கும். அந்தப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர். அதனால்தான் மைதா காய்ச்சும்போது நாங்கள் கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். ஆனால் துத்தத்தைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு. யாராவது அடிக்கடி எடுத்துப் புரட்டினால் போதும், பூச்சி அந்தப் பக்கம் குடித்தனம் வைக்காது. இருட்டும் ஈரமும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமும்தான் அதற்குப் பிடிக்கும். பூட்டின பீரோவில் இது மூன்றும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களில் பல பேருடைய பள்ளி நூலகத்தை முழுக்கப் படித்து முடித்த ஒரே ஜீவன் அந்தப் பூச்சிதான்.

இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம், ஏப்ரல் வந்துவிட்டது. இன்னும் சில நாளில் முழுப் பரீட்சை முடியும், பிள்ளைகள் சட்டையில் மை அடித்துக்கொண்டு ஓடுவார்கள், பீரோவுக்கு இன்னொரு பூட்டுக்கூடப் போடுவீர்கள். ஜூன் வரைக்கும் புத்தகமும் பிள்ளையும் ஒன்றை ஒன்று பார்க்காது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடைசி வேலை நாளன்று அந்தப் பீரோவைத் திறந்து, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எந்தப் பிள்ளை கேட்டாலும் கையில் புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். கிழிந்து வரும், சில வராமலே போகும். போகட்டும்.

இதில் என் சொந்த வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது எழுபதுகளில், இதே பக்கத்தில் ஒரு பள்ளியில். பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு பீரோ இருந்தன. மேல் தட்டில் கப்பல் படம் போட்ட நீல அட்டைப் புத்தகம் ஒன்று. துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவனுக்குக் கப்பல் என்ன புதுசா? இருந்தாலும் எனக்கு அதன் மேல் ஒரு கண். ஒன்பதாவது முழுப் பரீட்சை முடிந்த அன்று, சாவி வைத்திருந்த சாரிடம் போய், "லீவுல படிச்சிட்டு பத்திரமா குடுத்துடறேன் சார்" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணக்குல மொதல்ல முப்பத்தஞ்சு வாங்கு. அப்புறமா கப்பல் ஓட்டலாம்" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பள்ளியை விடும்வரை அந்த வராந்தாப் பக்கம் நான் தலையைத் திருப்பவில்லை. அவர் கெட்டவர் இல்லை. சாப்பாடு கொண்டுவராத பையனுக்குத் தன் காசில் பன்னும் டீயும் வாங்கித் தருகிற மனுஷன்தான். புத்தகம் கேட்பவன் ஏதோ சலுகை கேட்கிறான் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் நான் படிக்காமல் இருந்துவிடவில்லை. அப்பா தங்கசாலைப் பக்கத்தில் ஒரு பட்டறையில் மடிப்பு வேலைக்குப் போவார், நானும் கூடப் போவேன். அச்சான தாளை மடித்தால் 16 பக்கம் வரும், அதற்குப் பாரம் என்று பெயர். பாரம் பாரமாக அடுக்கி வைத்துத்தான் பிறகு புத்தகமாகத் தைப்பார்கள். எனக்கு எந்தப் பாரம் மடிக்கக் கிடைக்கிறதோ அதைப் படிப்பேன். கதாநாயகி செத்துப்போன பாரத்தைத் திங்கள்கிழமை படித்துவிட்டு, அவள் கல்யாணத்தை வியாழக்கிழமை படித்திருக்கிறேன். ஒரு துப்பறியும் கதையின் கடைசிப் பாரம் என் கைக்கு வரவே இல்லை. கொலைகாரன் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போவோம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், சிவப்புக் கட்டடத்தைச் சுற்றிப் பழைய புத்தகக் கடைகள். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் நூலகம். நாலணாவுக்கு வாங்கி, படித்துவிட்டு, இரண்டணாவுக்கு அதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். 1985 மே மாதக் கடைசியில் அது எரிந்தது. பள்ளி லீவு நேரம். மறுநாள் போய்ப் பார்த்தேன், கரிந்த தாள்கள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. அப்புறம் அல்லிக்குளத்தில் கடை கட்டிக் கொடுத்தார்கள், அதுவும் பின்னால் போய்விட்டது. இன்றைக்கு நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று சும்மா நடந்து போய், கேட்பாரில்லாமல் ஒரு மணி நேரம் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க எங்கே போகும்? ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது பார்த்தால் உண்டு. அதற்கும் இரண்டு பஸ் மாற வேண்டும், கையில் காசு வேண்டும்.

சரி, நீலப் புத்தகத்துக்கு வருகிறேன். நான் கேட்டு 18 வருடம் கழித்து, அதே பள்ளியிலிருந்து என் கடைக்குக் கோணிப்பை வந்தது. மூன்றாவதோ நான்காவதோ புத்தகமாக அதுவும் வந்தது. முதுகு வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. பின்னட்டையில் தேதி முத்திரை குத்துவதற்காக ஒட்டிய தாளில் ஒரு தேதிகூட இல்லை. எனக்கும் இல்லை என்றார்கள், வேறு எவனுக்கும் கொடுக்கவில்லை. அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நல்ல புத்தகம்தான். ஆனால் 15 வயதுப் பையனுக்கு எழுதிய புத்தகம். எனக்கு அப்போது 33.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது அரசாங்கச் சொத்து. மாற்றலாகிப் போகும்போது எண்ணிக் கொடுக்க வேண்டும். பத்துப் புத்தகம் குறைந்தால் தணிக்கையில் கேள்வி வரும், சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயம் வரும். பெரும்பாலான பள்ளியில் தனியாக நூலகர் கிடையாது. தமிழ் டீச்சரோ கைவேலை டீச்சரோ சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். அவர் பூட்டித்தான் வைப்பார். நானாக இருந்தாலும் பூட்டுவேன்.

கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் கடைக்கு வருவார். இதைச் சொல்லிப் புலம்பினபோது அவர் ஒரு சங்கதி சொன்னார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல் நூலகத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. வருடத்தில் 1000 புத்தகம் வழங்கப்பட்டால், அல்லது எடுத்துப் பார்க்கப்பட்டால், அதில் 5 புத்தகம் தொலைவது நியாயமான இழப்புதான். திருட்டோ அசட்டையோ இருக்கக் கூடாது, ஒரு புத்தகத்தின் விலை 1000 ரூபாய்க்கு மேல் போனாலோ அரிய புத்தகமாக இருந்தாலோ விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் டெல்லியில் விதி எழுதுகிற கணக்குப்பிள்ளையே புத்தகம் தொலையும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அந்த 1000 என்பது பீரோவில் இருக்கும் புத்தகக் கணக்கு இல்லை, கைக்குக் கை போன புத்தகக் கணக்கு. யாருக்கும் கொடுக்காதவருக்கு ஒரு புத்தகம்கூடத் தொலைக்க உரிமை கிடையாது. நிறையக் கொடுப்பவர் கொஞ்சம் தொலைக்கலாம்.

இந்தக் கடிதம் பள்ளிக்கல்வித் துறை அதிகாரிகள் யாராவது கண்ணில் பட்டால், அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கோடையில் வீட்டுக்குக் கொடுத்த புத்தகத்தில் இத்தனை குறைந்தால் ஆசிரியரைக் கேட்க மாட்டோம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை விட்டுப் பாருங்கள். எத்தனை பூட்டு தானாகத் திறக்கிறது என்று தெரியும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், 1931-இல். முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. இது ஒரு விதியா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தை இரும்புச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் விதி எழுதிய அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் அப்படியும் யோசித்திருக்கிறார்கள்.

இனி லீவில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். மாமல்லபுரம், ஊட்டி என்று போகிற பிள்ளைகள் குறைவு. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள் பாதிப் பேர் ஏதாவது வேலைக்குப் போய்விடுவார்கள். எம்.சி. ரோடு துணிக்கடையில் துணி மடிக்க, கல்யாண மண்டபத்தில் கேட்டரிங்கில் பரிமாற. மீதிப் பேர் கிரவுண்டில் பந்து, தெரு முனையில் கேரம். பெண் பிள்ளைகளுக்கு வீடே வேலை. தண்ணீர் பிடிக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், அம்மா வேலைக்குப் போனால் சமைக்கணும். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறை, கத்திரி வெயிலில் அதுவே அடுப்பு மாதிரி கொதிக்கும். சாயங்காலமானால் எல்லாரும் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு புத்தகம் கிடந்தால் பிள்ளை படிக்கும். கிடப்பதில்லை, போன் கிடக்கிறது.

போனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானே போனில் படிக்கிறவன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, காசில்லாமல். பத்தாவது படிக்கும் பையனுக்கு அதை எடுக்கக் காட்டிக் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா பாக்கெட்டில்.

காசிமேட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். மீன் முட்டை போடுகிற காலம், அதனால் போகக் கூடாது. பள்ளி லீவும் தடைக்காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். அப்பாமார் படகுக்கு பெயிண்ட் அடிப்பார்கள், வலை பொத்துவார்கள். வலை பொத்துவது கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. போன வருடம் வார்ஃபு பக்கம் போனபோது ஒரு காட்சி பார்த்தேன். நாலு பேர் வலையை விரித்து வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருக்க, எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் ஒரு பெண் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து தினத்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. வார்த்தையை முழுங்கும் இடத்தில் ஒரு பெரியவர், "நல்லா சத்தமா படிம்மா, காத்துல போவுது" என்றார். தாள் தீர்ந்ததும் அந்தப் பெண் எழுந்து போய்விட்டது. அதன் கையில் ஒரு புத்தகம் இருந்திருந்தால் அந்த வலை முழுக்கத் தைத்து முடியும்வரை ஓடியிருக்கும்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எம்.எட். பிள்ளைகள் ஆய்வேடு பைண்டிங் போட என்னிடம் வருவார்கள். பசை காயும் நேரத்தில் நான் அதையும் படிப்பேன் (யாரிடமும் சொல்லாதீர்கள்). அதில் ஒன்றில் ஆலிங்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் கூட்டாளியும் ஃபுளோரிடாவில் செய்த ஆய்வைப் பற்றி இருந்தது. 2010-இல் வெளியானது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் தொடக்கப் பள்ளிகள். கோடை லீவுக்கு முன் ஒரு புத்தகச் சந்தை மாதிரி வைத்து, பிள்ளைகளையே 12 புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று கோடை தொடர்ந்து இப்படி. வேறு பாடம் இல்லை, வகுப்பு இல்லை. மூன்றாவது கோடை முடிந்து பார்த்தால், புத்தகம் வாங்கிப்போன பிள்ளைகள், வாங்காத பிள்ளைகளைவிட வாசிப்பில் முன்னே போயிருந்தார்கள். அவர்கள் என்ன எடுத்தார்கள் தெரியுமா? பாட்டுக்காரர், நடிகை பற்றின புத்தகங்களைத்தான் அதிகம் எடுத்தார்கள். அந்த ஊர் வாத்தியார்களும் முகம் சுளித்திருப்பார்கள்.

அது சின்னப் பிள்ளைகள், வேறு ஊர், நம் ஒன்பதாவதுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தானே எடுத்தது என்பதில் ஒரு பவர் இருக்கிறது. கப்பல் புத்தகத்துக்குப் பதிலாக அன்றைக்கு அந்த சார் நீதிக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்திருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். அதனால் இவனுக்கு இது, அவளுக்கு அது என்று நீங்கள் பிரித்துக் கொடுக்க வேண்டாம். பெஞ்சுகளை வராந்தாவில் இழுத்துப் போட்டு, புத்தகங்களை முகம் தெரிகிற மாதிரிப் பரப்புங்கள். முதுகை மட்டும் காட்டி அடுக்கினால் பாதிப் பேர் கிட்டவே வர மாட்டார்கள். வியாசர்பாடியில் பந்து விளையாட்டுப் பற்றின புத்தகம் முதலில் போகும், ராயபுரத்தில் பேய்க் கதை போகும், எங்கேயும் சமையல் புத்தகம் போகும். போகட்டும் விடுங்கள். கைடு மட்டும் வைக்காதீர்கள். அது புத்தகம் மாதிரி வேஷம் போட்ட பரீட்சை.

அதே மாதிரி, தயவுசெய்து லீவு முடிந்து வரும்போது 'நான் படித்த நூல்' என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்காதீர்கள். கதைச் சுருக்கம், நூலாசிரியர் குறிப்பு, நான் கற்ற நீதி. இந்த மூன்று தலைப்பைக் கண்டுபிடித்தவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். கட்டுரை உண்டு என்று தெரிந்தால் பிள்ளை ஆகச் சின்ன புத்தகமாகப் பார்த்து எடுக்கும், அப்புறம் பின்னட்டையைப் பார்த்து எழுதிவிடும். கேட்டே தீர வேண்டும் என்றால் ஒன்று கேளுங்கள்: "இதை வேற யாருக்குக் குடுக்கலாம்?" அவன் ஒரு பெயர் சொன்னால் அவன் படித்திருக்கிறான்.

கஷ்டமான சங்கதி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒன்பதாவது வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். நீங்களும் அறிவீர்கள், நானும் கடையில் பார்க்கிறேன். என்னிடம் வேலை கற்க வந்த பையன்கள் சிலருக்கு அட்டையில் ஒட்டும் லேபிளைப் படிக்கவே நேரம் பிடிக்கும். பெரிய புத்தகத்தைக் கொடுத்தால் நாலு பக்கத்தில் தோற்றுவிடுவார்கள். இவர்களுக்காகவே பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். நல்ல புத்தகங்கள், படமும் நன்றாக இருக்கிறது. தேன்சிட்டு இதழும் வருகிறது. ஆனால் மீசை அரும்பிய பையன் 'நுழை' புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் போவானா? மானம் போய்விடும். கூட இருப்பவன், "இன்னாடா, அ ஆ படிக்கிறியா?" என்பான்.

இதற்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. அந்தச் சின்னப் புத்தகங்களை எட்டு பத்தாகச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்து, கனமான அட்டை போட்டு, முதுகில் கறுப்பு காலிகோ துணி ஒட்டிவிட்டால், பார்க்க வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம் மாதிரி இருக்கும். வெளியே படி பெயரே எழுத வேண்டாம். உள்ளே முதலில் நுழை, கடைசியில் பற. திறக்கிறவன் எங்கே தொடங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது. கொடுங்கள், செய்து தருகிறேன். ஆளுக்கு ஒன்று வேண்டாம், வகுப்புக்கு ஐந்து இருந்தால் போதும்.

பத்தாவது, பன்னிரண்டாவது எழுதி முடித்த பிள்ளைகளை எல்லாரும் மறந்துவிடுகிறோம். லீவு அதிகம் உள்ளவர்கள் அவர்கள்தான். ரிசல்ட் வரும்வரை வயிற்றில் நெருப்பு, செய்ய வேலை இல்லை. பள்ளிக்கு அவர்கள் பழைய மாணவர்கள், புத்தகம் கொடுத்தால் திரும்பி வராது என்று பயம். எனக்குத் தோன்றுவது, அவர்களுக்குக் கிளை நூலகத்தைக் காட்டிவிடுங்கள். கடைசிப் பரீட்சைக்கு அடுத்த நாளே வகுப்போடு நடத்திக் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினர் படிவத்தை மொத்தமாக நிரப்பிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். தனியாகப் போனால் அந்தப் படிவத்தைக் கேட்கவே கூச்சப்படுவார்கள், 30 பேராகப் போனால் நூலகருக்குத்தான் கூச்சம் வரும்.

அது இனாமாகக் கேட்பதும் இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் அதுதான் முதல். அன்றைக்கு அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். அந்தச் சட்டத்தின்படிதான் இன்றைக்கும் சொத்து வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று தனியாகப் போகிறது. என் கடை ரசீதிலும் இருக்கிறது, உங்கள் வீட்டு ரசீதிலும் இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கொடுக்கிறார், தெரியாமலே.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். 1896-இல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். கோட்டூர்புரம் அண்ணா நூலகம் பெரியதுதான், ஆனால் நம் பக்கத்திலிருந்து அது பாதி நாள் பயணம். ஏசிக்காகப் போகிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். கத்திரி வெயிலில் ஏசிக்காகப் போனால் என்ன தப்பு? குளிரில் உட்கார்ந்து சலிப்பு வந்தால் கை தானாகப் பக்கத்து அலமாரிக்குப் போகும்.

கடைசியாக, கொடுத்த புத்தகத்தை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். வேகமாகப் படிக்கிற பெண் ஒரு வாரத்தில் எடுத்ததை முடித்துவிட்டு ஜூன் வரை என்ன செய்யும்? மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும் என்பது பேச்சுக்குத்தான். ரிசல்ட், மாற்றுச் சான்றிதழ், பிளஸ் ஒன் சேர்க்கை என்று அலுவலகம் திறந்துதான் இருக்கிறது, கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், காலை 9 முதல் 11 வரை, வெயில் ஏறுவதற்குள், வராந்தாவில் ஒரு மேசை. டீச்சர் வர வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாமார்களைக் கேளுங்கள், யாராவது ஒருத்தர் ஒத்துக்கொள்வார். பழைய மாணவர் யாராவது கல்லூரி லீவில் சும்மா இருப்பார். ஒரு நீள நோட்டு, ஒரு பேனா. பெயர், வகுப்பு, புத்தகம், தேதி. அந்த நீள நோட்டை நானே தைத்துத் தருகிறேன், 200 பக்கம், காசு வேண்டாம்.

கிழிந்து வரும் புத்தகங்களுக்கும் காசு வேண்டாம். இந்த ஜூன் மாதம் முழுக்க, கோடையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த புத்தகம் என்றால், எத்தனை இருந்தாலும் பிரித்துத் தைத்து அட்டை போட்டுத் தருவேன். என் மகன் இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு இன்னா பைத்தியமாப்பா?" என்றான். கடை இப்போது அவன் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் புத்தகம் அழுத்தும் பிரஸ் இன்னும் என் கையில்தான். இரண்டு நிபந்தனை மட்டும். ஆய்வுக்காகத் தூசி தட்டிய புத்தகத்தை இதோடு கலந்து அனுப்பாதீர்கள், முதுகைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் பஸ் டிக்கெட்டையோ கறிவேப்பிலையையோ எடுத்துப் போட்டுவிட்டுக் கொண்டுவராதீர்கள், அப்படியே வேண்டும்.

கோணிப்பையைத் திங்கள்கிழமை அனுப்பினால் நல்லது. செவ்வாய், புதன் கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை பைண்டர்